யூசுஃப் பாயின் சாம்பலும் பிராட்ஃபோர்டில் மூன்று நாளும்

என் மனைவி வசந்திக்கு ஆங்கிலத்தில் பட்டம் எதுவும் கிடையாது. தபால் வழியில் படித்த பி.காம். ஒன்றுதான் உண்டு. இருந்தும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கென்று இங்கிலாந்தில் ஒரு சங்கம் வழங்கும் விருதின் கடைசிச் சுற்றுக்கு ஐந்து பேரில் ஒருத்தியாக அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ஒருவர் நான். அவர்கள் அனுப்பிய படிவத்தில் என் பெயருக்கு நேராக 'உடன் வருபவர்' என்று இருந்தது. இருபத்தாறு வருட மணவாழ்க்கையை இத்தனை சுருக்கமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆரணியில் கிளை நூலகராக இருக்கிறேன்; படிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையும் இல்லை.

அவளுடைய வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சற்று நேரத்தில் சாம்பல் வரும்போது குழப்பமாகிவிடும்.

பட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதை முழுவதுமாக உருவி எடுத்துவிட மாட்டார்கள். பழைய நுனிகளைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து விரலால் முறுக்கி ஒட்டுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். இதைப் பிணைப்பது என்பார்கள். பட்டு வழுக்கும், விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டால்தான் முறுக்கு நிற்கும். முறுக்கியதும் லேசாக இழுத்துப் பார்ப்பார்கள். நின்றால் அடுத்த இழை.

வசந்தி ஒரு பட்டுக் கடையில் வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வீடியோ காலில் சேலை காட்டுகிறவள். நெசவு வீடுகளில் இருப்பவர்கள் தாங்களே நேராகப் பேசி விற்கட்டுமே என்று கடை மாடியில் மாலை வகுப்பு ஆரம்பித்தாள். முதல் மாதம் கரும்பலகை வைத்து நடத்தினாள். இருபது பேர் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயையும் திறக்க முடியவில்லை. அதே ஆட்கள் பகலில் பாவு பிணைக்கும்போது குனிந்த தலை நிமிராமல் எட்டு மணி நேரம் பேசுகிறவர்கள். ஒரு நாள் பலகையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பழைய பாவின் நுனிகள் கட்டிய ஒரு மரச் சட்டத்தையும் ஒரு கிண்ணம் சாம்பலையும் நடுவில் வைத்தாள். எதிரெதிராக உட்கார வேண்டும். ஒருவர் அன்றைக்குச் செய்த ஒரு காரியத்தைத் தன் பாஷையில் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் அதைத் தெரிந்த மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இழையை முறுக்க வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது.

"கை வேலையா இருந்தா வாயி வெக்கத்த மறந்துடுதுங்க" என்பது அவளுடைய கல்விக் கொள்கை. எங்கள் நூலகத்தில் கல்வியியலுக்கு நான்கு அலமாரிகள் இருக்கின்றன. இது அவற்றில் இல்லை.

தேர்வு முறையும் அவளுடையதுதான். ஒரு மாணவர் முதன்முதலாக யாரையாவது ஆங்கிலத்தில் திட்டினால் பாஸ். ஒரு நெசவாளரின் மனைவி, சிங்கப்பூரிலிருந்து பேரம் பேசிய ஒருத்தியிடம், "நேற்று ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சா? சேலை அதே சேலைதான்" என்று ஆங்கிலத்தில் சீறியபோது வகுப்பே கை தட்டியது. "திட்றதுக்கு யாரும் மனசுக்குள்ள மொழிபெயர்த்துகினு இருக்க மாட்டாங்க" என்றாள் வசந்தி.

பாஸாகாத ஒரே பழைய மாணவர் யூசுஃப் பாய். பிரியாணிக் கடை வைத்திருப்பவர். புளிய விறகில்தான் சமைப்பார். வகுப்புக்குச் சாம்பல் தருவதும் அவர்தான். ஒரு வருடமாக இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து அழகாக இழை பிணைக்கிறார்; ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வந்ததில்லை. "என் ரெக்கார்ட கெடுக்கறதே அந்த பாய்தான்" என்பாள் வசந்தி.

கிளம்புவதற்கு முதல் நாள் யூசுஃப் பாய் சல்லடையில் சலித்த சாம்பலைக் கொண்டுவந்தார். "என் அடுப்பு லண்டன் பாக்கப் போவுது. நான் இங்கியே கீறேன்" என்றார். லண்டன் இல்லை, பிராட்ஃபோர்ட் என்று திருத்தினேன். "எல்லாம் ஒரே பேஜார் தானே சார்" என்றார். சாம்பலை ஒரு காலிப் பவுடர் டப்பாவில் போட்டாள் வசந்தி. என் முகத்துக்கான பவுடரும் அதே கம்பெனி டப்பாவில் இருந்தது. இந்த வயதிலும் பவுடரா என்று கேட்பவர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் இறங்கியதும் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி என் பவுடரை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது டப்பாவைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார்.

"இது என்ன?"

"சாம்பல்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் முகம் மாறியது. டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது. "யாருடையது?"

"யூசுஃப் பாயுடையது."

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், ஐயா."

ஒருவர் வருத்தம் தெரிவித்தால் நன்றி சொல்ல வேண்டும் என்று ஏழாம் வகுப்பில் படித்திருக்கிறேன். நன்றி சொன்னேன்.

"நெருங்கிய சொந்தமா?"

"சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் கடையில்தான் எங்கள் சாப்பாடு."

அதிகாரியின் சட்டையில் இம்ரான் என்று பெயர் இருந்தது. அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "யூசுஃப்பையா எரித்தீர்கள்?"

அப்போதுதான் வசந்திக்கு விஷயம் புரிந்தது. முன்னால் வந்து திருத்தமான ஆங்கிலத்தில், "அவர் இறக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறார்" என்றாள்.

என் வாழ்க்கையில் ஓர் உண்மை இவ்வளவு கெடுதல் செய்து நான் பார்த்ததில்லை.

முக்கால் மணி நேரம் போயிற்று. அடுப்பு, விறகு, பிரியாணி, பட்டு, ஆங்கிலம் என்று வசந்தி விளக்க விளக்க, இம்ரானின் மேலதிகாரி ஒருவரும் வந்து நின்றுகொண்டார். இறந்தவரென்றால் சான்றிதழ் வேண்டும். இறக்காதவரென்றால் இது என்னவென்று ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். முடிவு தெரிந்ததும் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். டப்பாவில் ஒரு சீட்டை ஒட்டி, 'யூசுஃப்' என்று எழுதி, மரியாதையாக ஒரு தட்டில் வைத்து எடுத்துப் போனார்கள்.

"வழுக்குற பவுடர வுட்டுட்டான். புடிக்கிற சாம்பல புட்சிகினான்" என்றாள் வசந்தி.

பிராட்ஃபோர்ட் ஒரு மேட்டு ஊர். எங்கே போனாலும் ஏறித்தான் போக வேண்டும். திரும்பி வரும்போதும் எப்படியோ ஏற்றமாகத்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் கம்பளித் துணியால் பேர்போன ஊராம். பழைய ஆலைகள் பல இப்போது குடியிருப்புகள். ஆரணியில் வீட்டுக்குள் தறி இருக்கும். இங்கே தறிக்குள் வீடு இருக்கிறது.

நாங்கள் தங்கிய விடுதியின் சொந்தக்காரி அறுபது வயதுப் பெண்மணி. கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "உள்ளே வா, லவ்" என்றார். அந்த வார்த்தையால் ஒரு பெண் என்னை அழைப்பது அதுவே முதல் முறை. சற்றுத் தடுமாறி வசந்தியைப் பார்த்தேன். "ரொம்ப மெதக்காதீங்க. இப்பதான் குப்ப எடுக்க வந்தவனையும் அப்டித்தான் கூப்டாங்க" என்றாள்.

அன்று மாலை அறையில் ஒத்திகை. ஊரிலிருந்து கொண்டுவந்த சட்டத்தில் பழைய பாவின் அரக்கு இழைகள்; பிணைக்கப் புதுசாக மயில்கழுத்து நிற இழைகள். அவள் என் பவுடரைத் தொட்டு ஒன்றை முறுக்கி இழுத்தாள். இரண்டும் தனித்தனியாக வந்தன. என் பெட்டியில் கோயில் வாசலில் வாங்கிய விபூதிப் பொட்டலம் இருந்தது. அதை நீட்டினேன். கடை விபூதி, வாசனை சேர்த்து மாவு போல அரைத்தது. அதிலும் இழை நழுவியது. "சாமி மன்னிச்சுடட்டும்" என்று பொட்டலத்தை மடித்து என் பையிலேயே திருப்பி வைத்தாள்.

பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. மத்த நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு டிகிரி வச்சிகினு வந்துகீறாங்க. என்கிட்ட படிப்புன்ற எடத்துல தபால் பி.காம். தவிர எழுத ஒண்ணுமில்ல. நாளன்னிக்கி காலைல முன்னபின்ன தெரியாத எட்டு பேருக்கு அர மணி நேரம் நடத்திக் காட்டணும். பரிசு வராட்டி போவுது. இழை நழுவிச்சினா, பொம்பள எதையோ உளறிகினு வந்து நின்னானு ஆயிடும். நம்ம மாடிய சிரிப்பாங்க."

"சாம்பல்தானே. ஊர்ல கிடைக்காதா?" என்றேன். பெரிய காரியங்களை நான் எப்போதுமே இப்படித்தான் ஏற்றுக்கொள்வேன், விவரம் தெரியாமல்.

இரண்டாம் நாள் காலை உணவுக்குச் சிவப்புக் குழம்பில் மொச்சை மாதிரி ஒன்று வந்தது. இனித்தது. மொச்சைக்குச் சர்க்கரை வியாதி என்று வசந்தியிடம் சொன்னேன். அவள் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்து அதற்கு வைத்தியம் பார்த்தாள். அவளுக்கு அன்று முழுவதும் ஆசிரியர்களின் கூட்டம். நான் சாம்பல் தேடக் கிளம்பினேன். வெளிநாட்டுக்குப் போனவர்கள் கோட்டை, அருங்காட்சியகம், அருவி என்று தேடுவார்கள். எனக்கு வாய்த்தது இது.

முதலில் விடுதியின் வரவேற்பறை. அங்கே கணப்பில் தீ சுடர்விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஆவலோடு குனிந்து கையை விட்டேன். கண்ணாடி இடித்தது. தீ ஒரு திரையில் ஓடும் படம். சொந்தக்காரி ரிமோட்டை எடுத்து, "உனக்குப் பெரிய தீ வேண்டுமா, லவ்?" என்று ஜுவாலையைக் கூட்டினார்.

சாம்பல் வேண்டும் என்றதும் சுத்தமான ஒரு சாம்பல் கிண்ணத்தைக் கொண்டுவந்து, வெளியே போய்ப் புகைக்கச் சொன்னார். அடுத்த தெருவில் ஒரு மதுக்கடையில் நிஜமான விறகுக் கட்டைகள் அடுக்கியிருந்தன. பீங்கான் கட்டைகள், அடியில் எரிவாயு. ஊரே எரிகிறது, ஆனால் எதுவும் எரிந்து தீர்வதில்லை. ஆரணியில் மட்டும் என்ன வாழ்கிறது என்றும் தோன்றியது. எங்கள் வீட்டிலும் எரிவாயுதான். யூசுஃப் பாய் இல்லையென்றால் நாங்களும் பிச்சைதான்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் நம்மவர்கள் கடை நிறைய இருப்பதாகச் சொன்னார்கள். பேருந்து நிறுத்தத்தில் போய் அடக்கமாக நின்றேன். ஒரு பேருந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்றும் அப்படியே போனது. பக்கத்தில் ஒரு பள்ளி மாணவி வந்து நின்று கையை நீட்டினாள். மூன்றாவது பேருந்து நின்றது. கை காட்ட வேண்டுமாம். தேவிகாபுரம் பேருந்தில் ஏறுகிறவன் இதை எங்கே கண்டான்? அங்கே வயலில் நின்று தலையைச் சொறிந்தாலே பிரேக் போட்டு, "வரியா இல்லியா, ஜல்தி சொல்லு" என்று கேட்பார்கள்.

நான் ஏறியது தப்பான பேருந்து. எங்கேயோ ஒரு மேட்டின் உச்சியில் என்னை இறக்கிவிட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து ரொட்டி சாப்பிட ஆரம்பித்தார். மழை தூறியது. குடை விடுதியில் இருந்தது. அப்போது காற்றில் ஒரு வாசனை வந்தது. கரியில் சுடும் இறைச்சி. மூக்கு இழுத்த வழியில் நடந்தேன். வாழ்க்கையில் அது எனக்குச் செய்த ஒரே உருப்படியான உதவி.

சின்னக் கபாப் கடை. உள்ளே நீளமான கரியடுப்பு. அதற்குக் கீழே ஒரு தகரத் தட்டு நிறைய வெளுத்த, மிருதுவான, அப்பட்டமான சாம்பல். ஐம்பத்து மூன்று வயதில் சாம்பலைப் பார்த்துக் கண் கலங்குவேன் என்று யாரும் எனக்கு ஜாதகத்தில் சொன்னதில்லை.

கடைக்காரர் காலித். பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களாம். அவருடைய பிராட்ஃபோர்ட் ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. என் ஆங்கிலம் அவருக்கு. கடைசியில் யூசுஃப் பாய் கடை மேசையில் கற்ற உருதுவை எடுத்தேன்.

"பாய், தோடா ராக் ஹோனா."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இது எந்த ஊர் உருது?"

"ஆரணி."

"கொஞ்சம் சாம்பல் வேண்டும் என்கிறீர்கள். சரியா?"

"சரி."

"எதற்கு?"

"என் மனைவி ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க."

காலித் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, வெளியே ஒருவர் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கச் சாம்பல் கேட்கிறார் என்று உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "கொடுத்து அனுப்புங்க, பாவம்."

தாளில் இழை வரைந்து, விரலால் முறுக்கிக் காட்டி விளக்கினேன். புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு மாவுச் சல்லடையை எடுத்துவந்து தானே சலித்தார். அலுமினியத் தாள் பெட்டியில் நிரப்பி, "ஆற வையுங்கள், அரை மணி நேரம்" என்றார். மூன்றாவது தடவையாகப் பேருந்தை விட மனமில்லை. "ஜல்தி" என்று வாங்கிக்கொண்டு ஓடினேன். இந்த முறை இரண்டு கைகளையும் காட்டினேன்.

பாதி வழியில் மடி சுட்டது. அப்புறம் பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய புகை எழுந்து, ஜன்னல் கண்ணாடியில் மோதி, பேருந்து முழுக்கப் பரவியது. சல்லடைக்குத் தப்பிய கங்கு ஒன்று அடித் தாளோடு உறவாடிக்கொண்டிருந்தது. முன் இருக்கைப் பெண்மணி மூக்கைச் சுளித்தார். யாரோ மணியை அடித்தார்கள். ஓட்டுநர், ஆறடி உயரம், தாடி, கையெல்லாம் பச்சை குத்தியவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து என் மடியைப் பார்த்தார்.

"உன் சாப்பாடு எரிகிறது, லவ்" என்றார். "இறங்கிக்கொள்."

வசந்தி சொன்னது சரிதான். அந்த ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை.

மீதி இரண்டு மைல் தூரமும் நடை. மழை பெட்டிக்குள் போகாமல் இருக்க, மேல்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தினேன். நான் நனைந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு கவிதை எழுதி வசந்தியிடம் கொடுத்திருந்தேன். அதில் இவ்வளவு உழைப்பு இருந்ததாக நினைவில்லை.

அறைக்கு வந்து பெட்டியை நீட்டினேன். அவள் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். இரண்டு இழைகளைச் சேர்த்து ஒரு முறுக்கு. இழுத்தாள். நின்றது. இன்னும் பலமாக இழுத்தாள். அப்போதும் நின்றது.

"புளிய வெறகு அளவுக்கு இல்ல. பரவால்ல" என்றாள். பிறகு என் தலையைத் துண்டால் துவட்டிவிட்டாள். ஆய்வுக் கட்டுரைகளில் இதை நன்றியுரை என்பார்கள்.

மூன்றாம் நாள் காலை, பதினொரு மணி. வகுப்பு நடந்த கூடமும் பழைய ஆலைதான். வாசலிலேயே ஓர் ஊழியர் சாம்பலைப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். 'இந்தப் பொருளால் என்ன ஆபத்து நேரலாம்?' என்று ஒரு கேள்வி. 'கை அழுக்காகும்' என்று எழுதினேன். 'அதைக் குறைக்க என்ன நடவடிக்கை?' என்று அடுத்தது. 'கை கழுவுதல்' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

எட்டு மாணவர்கள், பல தேசங்களிலிருந்து அந்த ஊரில் குடியேறியவர்கள். நடுவர்கள் மூவர், தலைவர் வெள்ளி முடியும் கண்ணாடிச் சங்கிலியுமாக ஒரு பெண்மணி. நான் பின்சுவரோரம். என் பக்கத்தில் இருந்தவர் அந்த எட்டுப் பேரின் வழக்கமான ஆசிரியர். இளைஞர். ஓரத்தில் கறுப்புச் சால்வை போர்த்தியிருந்த ஒரு பெண்ணைக் காட்டி, "அவள் செலாம். எரித்ரியாவிலிருந்து வந்தவள். ஆறு மாதமாக வருகிறாள். பெயர் கேட்டால்கூடச் சீட்டைத்தான் காட்டுவாள். உங்கள் மனைவி மனம் தளரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்" என்றார். எனக்கு யூசுஃப் பாய் ஞாபகம் வந்தது.

வசந்தி வணக்கம் சொல்லவில்லை, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் இல்லை. சட்டத்தை நடுவில் வைத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டு, "காலையில் ரசம் கிடைக்கவில்லை" என்று தமிழில் சொன்னாள். அதையே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே ஓர் இழையை முறுக்கி, இழுத்துக் காட்டினாள். பிறகு கிண்ணத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

ஐந்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை. இழைகள் மட்டும் நழுவிக்கொண்டிருந்தன. கண்ணாடிச் சங்கிலி எதையோ குறித்துக்கொண்டது. ஊரில் அந்த மாடி, பலகை திரும்பிய சுவர், இரண்டாம் வரிசை எல்லாம் கண்ணில் வந்தன. வசந்தி தலை நிமிரவில்லை. அடுத்த இழைக்குப் போய்விட்டாள்.

செலாமுக்கு எதிரில் ரெபீன் என்ற குர்து முடிதிருத்துபவர். கத்தரி பிடித்த வேகம். முறுக்கின மறுகணமே வெடுக்கென்று இழுத்தார். வந்துவிட்டது. மறுபடி முறுக்கினார், மறுபடி இழுத்தார். நான்காவது தடவை செலாம் தன் இழையை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைத் தட்டினாள்.

"வேண்டாம்" என்றாள் ஆங்கிலத்தில். "ஏன் அவசரம்? இது தலைமுடி இல்லை. மெதுவாக. முதலில் சாம்பல். அப்புறம் முறுக்கு. அப்புறம் காத்திரு. நீ காத்திருக்கவே மாட்டேன் என்கிறாய்."

என் பக்கத்திலிருந்த ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார்.

ரெபீன் சிரிக்கவில்லை. "நான் காத்திருந்தேன்" என்றார். "இல்லை, பொய்" என்றாள் செலாம். அவ்வளவுதான், கூடம் திறந்துகொண்டது. ஒருவர் பேருந்தைத் தவறவிட்டதைச் சொன்னார், இன்னொருவர் வீட்டுக்காரன் குழாயைச் சரிசெய்யாததைச் சொன்னார், ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றி இரண்டு கண்டங்களுக்கும் பொதுவான சில உண்மைகளைச் சொன்னார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நடுவர் தலைவருக்கும் ஆசை வந்து தரையில் வந்து உட்கார்ந்தார். அவர் இரண்டு இழைகளைச் சேர்த்து எடுத்ததும் செலாம் அவர் விரலையும் தட்டினாள்.

"ஒவ்வொன்றாக" என்றாள். "பேராசை வேண்டாம்."

வசந்தி அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பாஸ் என்று உதடு மட்டும் அசைந்தது.

மாலை விழாவில் வெற்றி பெற்றவரை அறிவிக்கும் முன் பாராட்டுக்குரியவர் என்று ஒரு பெயரைப் படித்தார்கள். நான் பாய்ந்து எழுந்து பலமாகக் கை தட்டினேன். அது செல்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கிய ஒரு கொரியர். அவர் என்னை நோக்கி நெகிழ்ந்து குனிந்து வணங்கினார். "ஒக்காருங்க" என்று வசந்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதனால், அடுத்து அவள் பெயரைப் படித்தபோது அறையிலேயே உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

மேடையில் நடுவர் தலைவர் அவளிடம், "இந்த முறையை எங்கே பயின்றீர்கள்?" என்று கேட்டார். அவர் விரல்களில் இன்னும் சாம்பல் இருந்தது.

"எங்கள் ஊரில், பாவு பிணைக்கும் இடத்தில்" என்றாள் வசந்தி. "அங்கே பேசாமல் யாராலும் வேலை செய்ய முடியாது." நன்றியுரையில் இரண்டு பேரைச் சொன்னாள். சாம்பல் கொடுத்த காலித் ஒருவர். சாம்பல் கொடுத்தும் வந்து சேராத யூசுஃப் பாய் இன்னொருவர். மழையில் நனைந்தவரை விட்டுவிட்டாள். உடன் வருபவர்களின் கதி அது.

ஆரணியில் கடைக்காரர்கள் சேர்ந்து ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'ஆரணிக்குப் பெருமை சேர்த்த ஆங்கில ஆசிரியை' என்று கொட்டை எழுத்து. கீழே என் படம். வாட்ஸாப்பில் போன இரண்டு படங்களில் அவசரத்தில் தவறானதை எடுத்துவிட்டார்களாம். மூன்று நாள் நான் ஊருக்குப் பெருமை சேர்த்த ஆசிரியையாக இருந்தேன். ஆனாலும் அந்த எழுத்தை வசந்தி போகும்போதும் வரும்போதும் நின்று படித்தாள். மாடியில் இடமில்லை, புதுசாக முப்பது பேர். பிராட்ஃபோர்டில் எட்டுப் பேர் பிணைத்த சட்டம் நடுவில் இருந்தது. அரக்குக்கு அப்பால் அவர்களுடைய மயில்கழுத்து இழைகள். அந்த நுனிகளோடுதான் இங்கே அடுத்த இழையைச் சேர்த்தார்கள்.

நான்காம் நாள் வகுப்பின் நடுவே வசந்தியின் செல்பேசி அடித்தது. நீளமான வெளிநாட்டு எண். கையெல்லாம் சாம்பல் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வணக்கம் அம்மா. ஆய்வு முடிந்தது; தடை செய்த பொருள் எதுவும் இல்லை. சுங்கத்திலிருந்து இம்ரான் பேசுகிறேன். யூசுஃப் அவர்களின் அஸ்தியை முழு மரியாதையோடு திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம். உங்கள் குடும்பத்துக்கு மறுபடியும் எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்."

வகுப்பு முழுவதும் இரண்டாம் வரிசையைப் பார்த்தது. யூசுஃப் பாய் கையில் இழையோடு உட்கார்ந்திருந்தார். காது வரை சிவந்திருந்தது. சாம்பல் பிடிபட்டதும் மழையும் அவருக்குத் தெரியும்; அவரையே அஸ்தியாக்கியதை மட்டும் நான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அடுத்து அவர் பேசிய ஆங்கிலத்தை அதன் பிழைகளோடு அப்படியே தமிழில் தருகிறேன்.

"ஹலோ சார். நான் யூசுஃப். நான் சாவு இல்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கும் ரெண்டு அண்டா பிரியாணி நான் போட்டேன். நீ யார் எனக்கு வருத்தம் சொல்ல? அது என் அடுப்பு சாம்பல். புளிய மரம். நல்ல சாம்பல். நீ ஏன் புடிச்சே? என் டீச்சர் உன் ஊர் வந்து மழையில் தெரு தெருவாக அலைந்தாள். வெட்கம் இல்லையா உனக்கு?"

அலைந்தது நான். திருத்தவில்லை.

எதிர்முனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு இம்ரான், "மிகவும் மகிழ்ச்சி, ஐயா" என்றார். உண்மையாகவே மகிழ்ச்சியான குரல். "அப்படியென்றால் டப்பாவை என்ன செய்வது?"

"நீ வைத்துக்கொள்" என்றார் யூசுஃப் பாய். "பாத்திரம் தேய்."

மாடி அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். வசந்தி எழுந்து போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். திட்டி முடிக்கும் வரை அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த இழையை முறுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. அவள் அதை வாங்கி, செலாம் பிணைத்துவிட்டுப் போன நுனியிலிருந்து லேசாக இழுத்துப் பார்த்தாள்.

நின்றது.